மினிவேனின் பின் பிரேக் வால்வைக் கழற்றி எறிய வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் பிரேக் பராமரிப்பு குறித்து அண்மையில் வெளிவந்த கட்டுரை பயனுள்ளதாக இருந்தது. பேட் தேய்மானம், பிரேக் ஆயில் மாற்ற வேண்டிய காலம், டிஸ்க்கின் தடிமன், டயரின் நிலை என்று ஒரு வண்டிக்காரர் கவனிக்க வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றைக் கட்டுரையாளர் தெளிவாகவே எழுதியிருந்தார். எனினும், மினிவேன் வைத்திருப்பவர்களுக்கு மிகவும் வேண்டிய ஓர் உறுப்பைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பின் சக்கரங்களுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் புரொபோர்ஷனிங் வால்வைத்தான் சொல்கிறேன். பட்டறைத் தொழிலில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில், இந்த வால்வு பழுதானால் அதை முறைப்படி மாற்றுகிறவர்களைவிட, கழற்றி எறிந்துவிட்டு நேர் பைப் போடுகிறவர்களையும், அதைப் பின் சக்கரங்களின் ஆக்சிலோடு இணைக்கும் லீவரைக் கம்பியால் இழுத்துக் கட்டி விடுகிறவர்களையுமே அதிகமாகப் பார்த்து வருகிறேன். அது ஏன் கூடாது, முறையாக மாற்றுவது எப்படி என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருப்பதால், கடிதத்தின் நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பிரேக் போடும்போது வண்டியின் எடை முன்புறம் சாய்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சாய்கிறது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இந்த வால்வின் வேலை விளங்கும். ஓட்டுநர் மட்டும் அமர்ந்திருக்கும் ஒரு மினிவேனின் எடை 2000 கிலோ என்றும், நிற்கும்போது முன் ஆக்சில் 1100 கிலோவையும் பின் ஆக்சில் 900 கிலோவையும் தாங்குகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். எடை மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்திலும், இரண்டு ஆக்சில்களுக்கும் இடைவெளி 3 மீட்டராகவும் இருக்கட்டும். காய்ந்த சாலையில் அழுத்திப் பிரேக் போட்டு, புவியீர்ப்பு முடுக்கத்தில் 80 சதவீத அளவுக்கு வேகம் குறைகிறது என்றால், எடையையும் எடை மையத்தின் உயரத்தையும் அந்த 0.8-ஐயும் பெருக்கி ஆக்சில் இடைவெளியால் வகுக்கும்போது, ஏறக்குறைய 370 கிலோ பின்னாலிருந்து முன்னால் போய்விடுகிறது. 900 கிலோ தாங்கிக்கொண்டிருந்த பின் சக்கரங்கள் அந்த நேரத்தில் 530 கிலோவைத்தான் தாங்குகின்றன. அதாவது, நிற்கும்போது மொத்த எடையில் 45 சதவீதமாக இருந்த பின் பங்கு, கால் பங்குக்குச் சற்று மேலாகக் குறைந்து விடுகிறது. அதே வண்டியில் மெல்லப் பிரேக் போட்டால் மாற்றம் 100 கிலோவைத் தொடுவதில்லை. பின் பங்கு 40 சதவீதமாகவே இருக்கிறது. ஆகவே முன்னுக்கு இவ்வளவு, பின்னுக்கு இவ்வளவு என்று பிரேக்கை நிரந்தரமாகப் பிரித்துக் கொடுத்துவிட முடியாது. மெல்ல மிதிக்கும்போது பின் சக்கரங்களுக்குத் தாராளமாகக் கொடுக்க வேண்டும். அழுத்தி மிதிக்கும்போது கையை இறுக்கிக்கொள்ள வேண்டும்.

கொடுக்க வேண்டியதைவிடக் கூடுதலாகக் கொடுத்தால் என்ன ஆகும்? பின் சக்கரங்கள் முன் சக்கரங்களுக்கு முன்பாகவே ஜாம் ஆகிவிடும், அதாவது வண்டி ஓடும்போதே சுற்றாமல் நின்றுவிடும். ஜாம் ஆன சக்கரம் பக்கவாட்டில் பிடித்து நிற்காது. முன் சக்கரங்கள் ஜாம் ஆனால் ஸ்டீயரிங் கேட்காது. வண்டி நேராகச் சறுக்கும். அதுவும் ஆபத்துதான் என்றாலும், மிதியைச் சற்றுத் தளர்த்தினால் ஸ்டீயரிங் மீண்டும் கிடைத்துவிடும். பின் சக்கரங்கள் முதலில் ஜாம் ஆனாலோ, முன்புறம் பிடித்து நிற்க முயல, பின்புறம் அதை முந்திக்கொண்டு வர முயல, வண்டி தன் அச்சில் சுழலத் தொடங்குகிறது. சுழலத் தொடங்கிய வண்டியைத் தேர்ந்த ஓட்டுநரும் மீட்டெடுப்பது அரிது. இந்தக் காரணத்தால்தான் பிரேக் வடிவமைக்கும் பொறியாளர்கள் முன் சக்கரங்களே முதலில் ஜாம் ஆக வேண்டும் என்பதை அடிப்படை விதியாக வைத்திருக்கிறார்கள்.

வால்வின் உள்ளே இருப்பது பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. ஒரு படி வெட்டிய சிறு பிஸ்டன், அதைத் திறந்த நிலையில் தள்ளி வைத்திருக்கும் ஒரு ஸ்பிரிங், ஓரிரு ரப்பர் சீல்கள், அவ்வளவுதான். பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்புவது மாஸ்டர் சிலிண்டர். பிஸ்டனில் அதன் பக்க அழுத்தம் படும் பரப்பு சிறியது; பின் சக்கரப் பக்க அழுத்தம் படும் பரப்பு பெரியது. மெல்ல மிதிக்கும்போது ஸ்பிரிங்கின் விசை மேலோங்கி நிற்பதால் வழி திறந்தே இருக்கும். உள்ளே வரும் அழுத்தம் அப்படியே வெளியே போகும். அழுத்தம் ஏற ஏற, பெரிய பரப்பின் மீதான தள்ளு விசை, ஸ்பிரிங்கும் சிறிய பரப்பும் சேர்ந்து தரும் விசையை எட்டிப் பிடிக்கிறது. அந்தக் கணத்தில் பிஸ்டன் நகர்ந்து வழியை மூடுகிறது. மேலும் மிதித்தால் உள் அழுத்தம் கூடி, பிஸ்டன் ஒரு மயிரிழை திரும்பி வந்து கொஞ்சம் ஆயிலை விட்டுவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். இப்படித் திறந்து மூடித் திறந்து மூடி, அந்த இரு பரப்புகளின் விகிதத்துக்கு ஏற்பவே பின் அழுத்தத்தை ஏற விடுகிறது. எடுத்துக்காட்டாக, 30 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) வரை சமமாக விட்டு, அதற்கு மேல் 40 சதவீதம் மட்டுமே விடும் வால்வு ஒன்றில், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து 80 பார் வந்தால் பின் சக்கரங்களுக்குக் கிடைப்பது 50 பார். 30 பாரும், மீதி 50 பாரில் 40 சதவீதமான 20 பாரும் சேர்ந்தது அது.

காலி வண்டிக்கு இந்த ஏற்பாடு போதும். மினிவேனின் சிக்கல் அதன் பின் இருக்கைகளிலும் சாமான் பகுதியிலும் இருக்கிறது. அதே வண்டியில் ஆட்களும் மூட்டைகளுமாக 600 கிலோ ஏறுகிறது என்றால், அதில் பெரும் பகுதி பின்னால்தான் இறங்கும். மூன்றாம் வரிசைக்குப் பின்னே, ஆக்சிலைத் தாண்டி 30 செ.மீ. பின்னால் வைக்கும் 150 கிலோ சாமான், பின் ஆக்சிலில் 165 கிலோவாக இறங்கி, முன் ஆக்சிலிலிருந்து 15 கிலோவைத் தூக்கியும் விடும். பாரம் ஏறிய பின் முன்னே 1250, பின்னே 1350 கிலோ என்றும், எடை மையம் 75 செ.மீ. உயரத்துக்கு ஏறிவிட்டது என்றும் கொண்டால், அதே கடும் பிரேக்கில் பின் சக்கரங்கள் இப்போது தாங்குவது 830 கிலோ. காலி வண்டியில் 530, பாரத்தில் 830. காலிக்குப் பொருத்தி வைத்த வால்வு, பாரம் ஏற்றும்போது பின் சக்கரங்களின் பிடிப்பை வீணாக்கிவிட்டு முன் பிரேக்கை மட்டும் நம்பி நிற்கும். நிறுத்தும் தூரம் நீளும், இறக்கத்தில் முன் டிஸ்க் கொதிக்கும். பாரத்துக்குப் பொருத்தியது, காலியாக ஓடும்போது பின் சக்கரத்தை ஜாம் ஆக்கும். காரைவிட மினிவேனுக்கும் சரக்கு வேனுக்கும் இது பெரிய பிரச்சினையாக இருப்பது, காலிக்கும் பாரத்துக்கும் உள்ள இந்த இடைவெளியால்தான்.

இதற்கான விடையாக வந்ததுதான் பட்டறைகளில் எல்எஸ்பிவி என்று சொல்லப்படும் பாரம் உணரும் வால்வு. பின் ஆக்சிலுக்கு அருகில் பாடியின் அடியில் வால்வைப் பொருத்தி, அதிலிருந்து ஒரு லீவரையோ நீண்ட ஸ்பிரிங்கையோ ஆக்சிலுடன் இணைத்து விடுகிறார்கள். பாரம் ஏறினால் பாடி இறங்குகிறது; பாடிக்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளி குறைகிறது; லீவர் திரும்பிப் பிஸ்டன் மீது கூடுதல் விசை கொடுக்கிறது. விளைவாக, வால்வு மூடத் தொடங்கும் அழுத்தம் 30 பாரிலிருந்து, சொல்லப்போனால், 60 பாருக்கு ஏறிவிடுகிறது. அதே 80 பார் மிதிக்கு இப்போது பின் சக்கரங்களுக்கு 68 பார் கிடைக்கிறது. மினிவேன் என்ற வண்டி வகையைப் பரவலாக்கிய கிரைஸ்லர் நிறுவனத்தின் 1980களின் வண்டிகளிலேயே இந்த ஏற்பாடு இருந்தது.

இங்கேதான் வாசகர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாரம் உணரும் வால்வு என்று பெயரே தவிர, அதற்கு எடை தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் உயரம் ஒன்றுதான். பின்புறம் தொங்கிப் போகிறது என்று கூடுதல் இலை வைத்தோ, தடித்த காயில் ஸ்பிரிங் போட்டோ, ஏர் பை வைத்தோ வண்டியைத் தூக்கினால், முழுப் பாரத்திலும் வண்டி காலியாக இருக்கிறது என்றே வால்வு எடுத்துக்கொள்ளும். பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதற்கு நேர்மாறாக, பழைய ஸ்பிரிங் தளர்ந்து பின்புறம் தாழ்ந்து போன வண்டியில், காலியாக ஓடும்போதும் பாரம் இருப்பதாக எண்ணிக்கொண்டு பின் பிரேக்கைக் கூட்டிக் கொடுக்கும். மழைத் தரையில் பின் சக்கரம் ஜாம் ஆகும். ஸ்பிரிங் வேலை செய்து அனுப்புகிற பட்டறைகளில் வால்வின் லீவரை ஒரு முறை பார்த்துச் சரிசெய்து தருகிறவர்கள் சிலரே. உயரத்தை மாற்றியவருக்கே பிரேக்கையும் மாற்றிவிட்டோம் என்பது பல வேளைகளில் தெரியாது.

வால்வையே கழற்றிவிட்டு நேர் பைப் போடுபவர்கள் சொல்லும் நியாயம் எனக்குத் தெரியாததல்ல. வால்வு ஒழுகும்; மாற்றுப் பொருள் உடனே கிடைக்காது; வண்டிக்காரர் அவசரப்படுத்துவார். நேர் பைப் போட்டதும் பெடல் கெட்டியாக இருக்கும், பின் பிரேக்கும் முன்பைவிட நன்றாகப் பிடிக்கும். பட்டறை வாசலில் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். அந்த ஏமாற்றுத் தோற்றம்தான் என்னை அச்சுறுத்துகிறது. அங்கே ஓட்டிப் பார்க்கும் வேகத்தில், அந்த மெல்லிய மிதியில், வால்வு இருந்தாலும் அது திறந்தேதான் இருந்திருக்கும். அது வேலை செய்ய வேண்டிய தருணம், காலி வண்டி, ஈரத் தரை, எதிரில் திடீரென ஏதோ குறுக்கிடுவது என்ற மூன்றும் சேரும் தருணம். அதை யாரும் பட்டறை வாசலில் சோதித்துப் பார்ப்பதில்லை.

வால்வு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவையும் உண்டு. பின் சக்கரம் சீக்கிரம் ஜாம் ஆகிறது என்றால், டிரம்முக்குள் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒழுகி அந்த ஷூ நனைந்திருக்கலாம். ஷூ அதிகமாக நெருக்கி வைக்கப்பட்டிருக்கலாம். முன் டிஸ்க்கைப் பேட்டால் பிடிக்கும் காலிப்பர் துருப்பிடித்து நின்றுவிட்டதால் பின்னது மட்டும் பிடிக்கலாம். பின் டயர்கள் வழுக்கையாக இருக்கலாம். இவை எல்லாம் வால்வைவிட அடிக்கடி நிகழ்பவை. இவை சரியாக இருந்தால், அடுத்து வண்டியின் அடியில் போய் லீவரைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். இறுகிப் போயிருக்கிறதா, புஷ் தேய்ந்து ஆடுகிறதா, ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா, இணைப்பு கழன்று தொங்குகிறதா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். சேறும் தண்ணீரும் நேராக அடிக்கும் இடத்தில் இருப்பதால், வால்வின் உட்புறத்தைவிட இந்த லீவர்தான் முதலில் கெடுகிறது. வால்வின் ரப்பர் உறையைத் தூக்கிப் பார்த்து அங்கே ஈரம் இருந்தால் உள் சீல் போய்விட்டது என்று பொருள். கால் எடுத்த பின்னும் பின் சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டு டிரம் சூடாவது, ஆயில் திரும்பி வரும் வழி அடைபட்டதன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

ஐயத்துக்கு இடமில்லாத சோதனை என்றால் அது அழுத்தமானியால் செய்வதுதான். முன் காலிப்பரின் பிளீடர் நிப்பிளில், அதாவது காற்றை வெளியேற்றும் திருகில், ஒன்றும், பின் வீல் சிலிண்டரின் நிப்பிளில் ஒன்றுமாக இரண்டு கேஜ்களைப் பொருத்தி, அவற்றில் உள்ள காற்றை எடுத்துவிட்டு, பெடலைப் படிப்படியாக அழுத்தி இரு அளவுகளையும் எழுதிக்கொண்டு, அந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் தந்துள்ள அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். தொடக்கம் முதல் இறுதி வரை இரண்டும் சமமாகவே ஏறினால் வால்வு திறந்த நிலையில் இறுகிவிட்டது. பின்னது ஏறவே மறுத்தால் மூடிய நிலையில் நின்றுவிட்டது. முன் சக்கர இயக்கம் கொண்ட பல மினிவேன்களில் பிரேக் வட்டங்கள், அதாவது பிரேக் ஆயில் செல்லும் தனித்தனிப் பாதைகள், குறுக்காகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு முன் சக்கரமும் அதற்கு எதிர்ப்பக்கப் பின் சக்கரமும் ஒரே வட்டத்தில் இருக்கும். அத்தகைய வண்டியில் பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு வீதம் இரண்டு உண்டு. சில வண்டிகளில் இவை மாஸ்டர் சிலிண்டரின் வாயிலேயே திருகப்பட்டிருக்கும், சிலவற்றில் ஒரே உடலுக்குள் இரண்டும் இருக்கும். இடம் வலம் இரண்டையும் அளந்து பார்க்காமல் ஒன்றை மட்டும் மாற்றினால், பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும் புதுத் தொல்லை வந்து சேரும்.

இனி மாற்றும் வேலை. வால்வைத் திறந்து உள் பாகங்களை மாற்றுவது பெரும்பாலான வண்டிகளில் அனுமதிக்கப்பட்டதல்ல. முழுதாகவே மாற்ற வேண்டும். வேறொரு வண்டியின் வால்வு திருகு பொருந்துகிறது என்பதற்காக அதைப் போடவும் கூடாது. மூடும் அழுத்தமும் விகிதமும் வண்டிக்கு வண்டி வேறுபடும் என்பதால் பாக எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். பழைய பொருள் சந்தையில் கழற்றி வைத்திருக்கும் வால்வு எதற்காகக் கழற்றப்பட்டது என்று விற்பவருக்கும் தெரியாது.

வேலையில் பொறுமை தேவைப்படும் ஒரே இடம் பைப் நட்டுகள். ஆண்டுக்கணக்கில் துருப்பிடித்திருக்கும் அவற்றைச் சாதாரண ஓப்பன் ஸ்பேனரால் திருகினால் முனைகள் உருண்டுவிடும். பைப் நட்டுக்கென்றே வாய் வெட்டிய ரிங் ஸ்பேனர் தேவை. திருகுகளைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, முடிந்தால் ஓர் இரவு ஊற விட வேண்டும். பிறகு முதலில் ஒரு நூல் அளவு இறுக்கும் திசையில் அசைத்து, அதன் பின் தளர்த்த வேண்டும். அப்போது கண்ணை நட்டின் மீது வைக்காமல் பைப்பின் மீது வைக்க வேண்டும். நட்டு சுற்றும்போது பைப்பும் சேர்ந்து முறுக்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும்; முறுக்கிய பைப் அங்கே அன்றோ பிறகோ வெடிக்கும். அப்படி ஆனால் அந்தப் பைப்பை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது போடுவதே வழி. ஆயில் நிறைந்த வால்வின் அருகில் நெருப்புக் காட்டி இளக்குவதை நான் கண்டிக்கிறேன். பிரேக் ஆயில் தீப்பற்றும் பொருள்.

புதுப் பைப் போடும்போது செம்பு பைப் கூடாது. பூச்சுப் பூசிய எஃகு அல்லது செம்பு நிக்கல் கலவைப் பைப் வேண்டும். அதன் முனை விரிப்பிலும் இரண்டு வகை உண்டு. உள்பக்கம் மடித்து இரட்டையாக விரித்தது ஒன்று, குமிழ் வடிவில் விரித்தது மற்றொன்று. ஒன்றுக்குரிய வால்வில் மற்றொன்றைத் திணித்து இறுக்கினால், முதலில் ஒழுகாமல் இருந்தாலும் கடும் மிதியில் ஒழுகும்.

பைப்களைக் கழற்றும் முன், எது உள்ளே வருவது, எது எந்தச் சக்கரத்துக்குப் போவது என்று அடையாளம் கட்டி வைக்க வேண்டும். கழற்றியதும் முனைகளை அடைப்பானால் மூடிவிட வேண்டும். தூசி போகாது என்பதோடு, மாஸ்டர் சிலிண்டர் வறண்டு அதில் காற்றுப் புகுவதும் தடுக்கப்படும். பெடலை ஓர் அங்குலம் அளவு அழுத்தி ஒரு கட்டையால் முட்டுக் கொடுத்து வைத்தாலும் மாஸ்டர் சிலிண்டரின் உள் துளைகள் மூடிக்கொண்டு ஆயில் வடிவது நிற்கும். பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுவது நல்லது. புதிய வால்வின் துளைகளில் இருக்கும் பிளாஸ்டிக் மூடிகளைப் பைப் மாட்டும் கணம் வரை எடுக்க வேண்டியதில்லை. வால்வைப் பாடியில் இறுக்கிவிட்டுப் பைப்பை வளைத்துக் கொண்டுவந்து திருகுவதுதான் பலருடைய பழக்கம். மாறாக, வால்வைத் தளர்வாக வைத்துக்கொண்டு எல்லா நட்டுகளையும் விரலாலேயே சில சுற்று ஓட்டிய பிறகு, வால்வின் போல்ட்டுகளை இறுக்கி, கடைசியில் நட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கினால் திருகு நூல் குறுக்காக ஏறாது. அந்த அளவு பல வண்டிகளில் 15 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும். அது பலர் எண்ணுவதைவிடக் குறைவு.

அடுத்தது ஏர் எடுப்பது, அதாவது பைப்களில் புகுந்த காற்றை வெளியேற்றுவது. கம்பி கட்டும் பழக்கம் பெரும்பாலும் பிறப்பது இந்தக் கட்டத்தில்தான் என்பது என் கணிப்பு. வண்டியின் பாடியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினால் பின் ஆக்சில் தொங்கும். ஆக்சில் தொங்கினால் பாடிக்கும் அதற்கும் இடைவெளி மிக அதிகமாகும். வால்வு, வண்டி காலியிலும் காலி என்று எடுத்துக்கொண்டு பின் பக்கத்துக்கு ஆயில் விடுவதை வெகுவாகக் குறைத்துவிடும். மெக்கானிக் எத்தனை முறை மிதிக்கச் சொன்னாலும் பின் நிப்பிளில் ஆயில் சரியாக வராது. புது வால்வே கெட்டது என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. சரியான வழி, ஸ்டாண்டுகளை ஆக்சிலின் அடியில் வைத்து வண்டியின் எடை ஆக்சிலில் நிற்குமாறு செய்வது, அல்லது வண்டியைச் சக்கரங்களின் மீதே நிறுத்தி வேலை செய்வது. அதுவும் முடியாதபோது, லீவரைப் பாரம் ஏறிய நிலைக்குத் திருப்பிக் கம்பியால் தற்காலிகமாகக் கட்டிக்கொள்ளச் சில கையேடுகளே சொல்கின்றன. கட்டச் சொல்லும் அதே பக்கத்தில், வேலை முடிந்ததும் அவிழ்க்கவும் சொல்கின்றன. அவிழ்க்க மறந்து வெளியே வந்த வண்டிகளைப் பார்த்துத்தான், அப்படிக் கட்டி வைப்பதே முறை என்று அடுத்த பட்டறையில் இருப்பவர் எடுத்துக்கொள்கிறார் போலும்.

எந்தச் சக்கரத்திலிருந்து ஏர் எடுக்கத் தொடங்க வேண்டும் என்ற வரிசை வண்டிக்கு வண்டி வேறுபடும். குறுக்காகப் பிரித்த வட்டங்களில் அது வழக்கமானதாக இருக்காது. ஆயிலைப் பொறுத்தவரை, மாஸ்டர் சிலிண்டரின் மூடியில் எழுதியிருப்பதை மீற வேண்டாம். டாட் 3, டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரங்கள் இரண்டும் கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை. புதிதாக இருக்கும்போது குறைந்தது 205, 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காதவை. ஈரத்தை உறிஞ்சிய பின் அந்த வரம்பு முறையே 140, 155 டிகிரியாக இறங்கிவிடும். திறந்து பல நாள் வைத்த டப்பாவிலிருந்து ஊற்றக் கூடாது என்பது இதனால்தான். சிலிக்கோன் வகையான டாட் 5-ஐ இவற்றோடு கலக்கக் கூடாது. வால்வின் சீலுக்கு வழவழப்புத் தருவதாக எண்ணி ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் விடுவது அந்தச் சீல் மட்டுமல்லாமல் வட்டத்தில் உள்ள எல்லாச் சீல்களையும் ஊதச் செய்து கெடுத்துவிடும்.

கடைசியாக இருப்பதும் பலர் விட்டுவிடுவதும் லீவர் அளவைச் சரிசெய்வது. வால்வை மாட்டி ஏர் எடுத்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. வண்டி சமதரையில், சக்கரங்களின் மீது, கையேட்டில் சொல்லப்பட்ட எடையில் நிற்க வேண்டும். பொதுவாக ஆட்களோ சாமான்களோ இல்லாமல், எரிபொருள் குறிப்பிட்ட அளவில் இருக்க வேண்டும். பின்புறத்தைக் கையால் சில முறை அழுத்தி விட்டு ஸ்பிரிங்கை அதன் இயல்பான உயரத்தில் அமர விட வேண்டும். அதன் பிறகே லீவரின் இணைப்புப் போல்ட்டைத் தளர்த்தி, குறிப்பிட்ட நீளத்துக்கோ இடைவெளிக்கோ வைத்து இறுக்க வேண்டும். சில மில்லிமீட்டர் வித்தியாசமே பின் பிரேக்கில் பல பார் வித்தியாசமாக வெளிப்படும். தளர்ந்து தாழ்ந்த ஸ்பிரிங் உள்ள வண்டியில், முதலில் ஸ்பிரிங்கை மாற்றாமல் லீவரை மட்டும் சரிசெய்வதில் பயனில்லை.

எல்லாம் முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை ஓங்கி மிதித்துப் பிடித்துக்கொண்டு, மற்றொருவர் அடியில் ஒவ்வொரு நட்டையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஆளில்லாத சமதரையில், மெதுவான வேகத்தில், மிதியைப் படிப்படியாகக் கூட்டிச் சோதிக்கலாம். பின் சக்கரம் முதலில் ஜாம் ஆகுமானால் அந்த வண்டி சாலைக்குப் போகக் கூடாது.

புதிய வண்டிகள் பலவற்றில் இந்த வால்வே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சக்கரம் ஜாம் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் சக்கர வேக உணரிகளைக் கொண்டு, முன் சக்கரங்களைவிடப் பின் சக்கரங்கள் சறுக்கத் தொடங்குவதைக் கணினி கண்டறிந்து, ஏபிஎஸ் பெட்டிக்குள் இருக்கும் மின் வால்வுகளாலேயே பின் அழுத்தத்தை நிறுத்திப் பிடிக்கிறது. இபிடி எனப்படும் இந்த ஏற்பாடு உயரத்தைப் பார்ப்பதில்லை. சக்கரம் எப்படிச் சுற்றுகிறது என்பதையே பார்க்கிறது. ஆகையால் ஸ்பிரிங் மாற்றத்தால் அது ஏமாறுவதில்லை. ஆனால் ஏபிஎஸ் விளக்கும் சிவப்புப் பிரேக் விளக்கும் ஒன்றாக எரிந்தால், அந்தக் காவலும் போய்விட்டிருக்கலாம் என்று கொள்ள வேண்டும். ஏபிஎஸ் விளக்குதானே என்று பல்பைப் பிடுங்கிவிட்டு ஓட்டுவது, பழைய வண்டியில் வால்வைக் கழற்றி எறிவதற்குச் சமம். தொடக்க கால ஏபிஎஸ் வண்டிகள் சிலவற்றில் பழைய வகை வால்வும் தொடர்ந்து இருந்தது என்பதால், ஏபிஎஸ் இருக்கிறது என்று மட்டும் பார்த்து வால்வு இல்லை என முடிவு செய்துவிடவும் கூடாது.

தகுதிச் சான்று கொடுக்கும் அதிகாரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. உருளைகளின் மீது சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பிரேக் விசையை அளக்கும் கருவியில் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. எடை முன்னால் சாய்வதில்லை. எனவே நேர் பைப் போட்ட வண்டி அங்கே சிறப்பாகவே தேறிவிடும். அடியில் குனிந்து லீவரைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதற்கு ஒரு டார்ச் விளக்கும் அரை நிமிடமும் போதும். ஐ.நா.வின் 13ஆம் எண் வாகனப் பிரேக் விதியைப் பின்பற்றும் நாடுகளில், இத்தகைய வால்வு உள்ள வண்டிகள் பலவற்றில் அதைச் சரிபார்க்கத் தேவையான அளவுகளைக் கண்ணில் படும்படி குறித்து ஒட்டியிருக்க வேண்டும். அந்தக் குறிப்பு உங்கள் வண்டியில் இருந்தால், மறு பெயின்ட் அடிக்கும்போது அதன் மேல் பூசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது வீணாவது அப்படித்தான்.

தங்கள் வாகனப் பகுதியில் அடுத்த முறை பிரேக் பற்றி எழுதும்போது, இந்த லீவர் வண்டியின் அடியில் எங்கே இருக்கும் என்பதைக் காட்டும் ஒரு படத்தையாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பட்டறைத் தொழிலில் உள்ள ஒரு வாசகன்